நடைப் பயிற்சிக் கருவியில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

பக்கவாதத்துக்குப் பிறகும், பார்க்கின்சன் நோயிலும், செயற்கைக் கால் பொருத்திய தொடக்க மாதங்களிலும் நடையைத் திருத்துவதற்காகக் காலில் அணியும் சிறு கருவிகள் இப்போது இயன்முறைப் பயிற்சிக் கூடங்களிலும் வீடுகளிலும் புழங்குகின்றன. அவை பெரும்பாலும் இரண்டு வகை. காலணிக்குள் வைக்கும் இன்சோலில் அழுத்த உணரிகளைப் பதித்திருப்பது ஒன்று. கணுக்காலுக்கு மேலே பட்டை கட்டி அசைவு உணரியைப் பொருத்தியிருப்பது மற்றொன்று. எடை ஒரு பக்கம் குறைவாக விழுந்தாலோ, குதிகாலுக்கு முன் நுனிப்பாதம் தரையைத் தொட்டாலோ, ஒலியாகவோ அதிர்வாகவோ கருவி அதை அப்போதே தெரிவிக்கும். இத்தகைய கருவிகளை ஒரு பயிற்சிக் கூடத்தில் பராமரித்து வரும் நான், ஒரே கோளாறுக்காக ஒரே ஆட்கள் மூன்றாம் முறையும் நான்காம் முறையும் பேருந்து ஏறி வருவதைப் பார்த்த பிறகு எழுதத் தொடங்கிய குறிப்புகளே இவை.

எந்த அறிகுறிக்கும் முன்பாக ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கருவி தவறினால் ஒலிக்கும் வகையா, சரியாக அடி வைத்தால் ஒலிக்கும் வகையா? தவறினால் ஒலிக்கும் வகையில் கம்பி அறுந்த கருவியும் மௌனமாகத்தான் இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் அந்த மௌனத்தை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். இப்படி இரண்டு வாரம் வீணானதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு நாளும் பயிற்சி தொடங்கும் முன், வேண்டுமென்றே ஒரு தவறான அடியை வைத்து ஒலி வருகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

## முதல் பிரிவு: பிறர் காலில் மாட்டிப் பாருங்கள்

கருவியைப் பயிற்சி செய்பவரின் காலிலிருந்து கழற்றி, அளவு ஓரளவு ஒத்துவரும் நலமான ஒருவரின் காலில் அதே அமைப்புகளோடு மாட்டி இருபது அடி நடக்கச் சொல்லுங்கள். பிறர் காலில் ஒழுங்காக வேலை செய்தால், கோளாறு பொருத்தும் விதத்திலோ, காலணியிலோ, அளவு வரம்பிலோ (எந்த அளவில் கருவி ஒலிக்க வேண்டும் என்ற எல்லை), அவருடைய நடையிலோ இருக்கிறது. கருவியைத் திறக்க வேண்டாம். பிறர் காலிலும் அதே கோளாறு வந்தால் மட்டும் பேட்டரி, கம்பி, உணரி என்று உள்ளே போங்கள். என்னிடம் வந்த கருவிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையிலேயே குற்றமற்றவை என்று தெரிந்துவிட்டன.

## கருவி இயங்கவே இல்லை, அல்லது நடுவில் அணைந்துவிடுகிறது

சார்ஜ் ஏறவில்லை. முதலில் கம்பியையும் சார்ஜரையும் மாற்றிப் பாருங்கள். பவர் பேங்க்கில் செருகியிருந்தால் அதைத் தவிருங்கள். இந்தக் கருவிகள் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதிப் பல பவர் பேங்க்குகள் தாமாகவே நின்றுவிடும். கருவியில் டைப் சி துளை இருந்தும் இருமுனையும் டைப் சி ஆன கம்பியில் சார்ஜ் ஏறாவிட்டால், மறுமுனை பழைய அகலமான யு.எஸ்.பி. ஆக உள்ள கம்பியைப் பயன்படுத்துங்கள். விலை குறைந்த மின்சுற்றுப் பலகைகளில் இது பொதுவான குறை. அடுத்து, துளைக்குள் முகப்பவுடரும் நூல் பிசிறும் அடைத்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்து, உலர்ந்த மென்மையான தூரிகையால் துடையுங்கள்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. ஒற்றை லித்தியம் செல் முழுதாக ஏறியதும் மல்டிமீட்டரில் ஏறத்தாழ 4.2 வோல்ட் காட்ட வேண்டும். சார்ஜரைக் கழற்றிய சில நிமிடங்களில் அது வெகுவாக இறங்கினால் செல்லின் ஆயுள் முடிந்துவிட்டது. மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்து மீண்டும் உயிர் பெறுகிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் திட்டப்பணியாகச் செய்து கொடுத்துவிட்டுப் போன கருவிகளில் இதை அடிக்கடி காண்கிறேன். ஏ.எம்.எஸ். 1117 போன்ற மின்னழுத்தச் சீராக்கி ஒழுங்காக இயங்க, வெளியே தருவதைவிட ஏறத்தாழ 1 வோல்ட் கூடுதலாக உள்ளே வர வேண்டும். 3.3 வோல்ட் தர வேண்டிய இடத்தில் 3.7 வோல்ட் செல்லை வைத்தால், ப்ளூடூத் மின்னோட்டத்தை இழுக்கும் நொடியில் பலகை தடுமாறி மீண்டும் தொடங்கும். அதற்கு குறைந்த இழப்புள்ள சீராக்கியை வைக்க வேண்டும். அதே பலகைகளில் டி.பி. 4056 சார்ஜ் தொகுதியையும் பாருங்கள். கடையில் வாங்கும் நிலையில் அது 1 ஆம்பியர் செலுத்தும்படி அமைந்திருக்கும். 300 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள சிறு செல்லுக்கு அது மும்மடங்குக்கும் மேல். அதிலுள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வைத்தால் ஏறத்தாழ 130 மில்லி ஆம்பியராகக் குறையும். மணிக்கணக்கில் ஏறும், அதில் தவறில்லை.

எப்போது நிறுத்துவது: செல் உப்பியிருந்தாலும், பெட்டியின் மூடி மேலெழும்பியிருந்தாலும், சார்ஜ் ஏறும்போது கை பொறுக்காத சூடு இருந்தாலும் அத்துடன் நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். தீப்பற்றாத இடத்தில் தனியே வைத்துப் பழுதுநீக்குநரிடம் சேர்ப்பியுங்கள். அதை மீண்டும் ஒருவருடைய காலில் கட்டக் கூடாது.

## கருவி இயங்குகிறது, ஆனால் கைபேசி அதைக் காணவில்லை

இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே கைபேசியோடுதான் இணையும். மகனுடைய கைபேசி பக்கத்து அறையில் இணைந்திருந்தால், அம்மாவின் கைபேசியில் கருவியின் பெயரே வராது. வீட்டிலுள்ள மற்றக் கைபேசிகளின் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு மறுபடி தேடுங்கள். பிறகு செயலிக்கான அனுமதிகளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதி தேவை. 6 முதல் 11 வரையுள்ள பதிப்புகளில் இருப்பிட அனுமதி தரப்பட்டிருக்க வேண்டும். கைபேசியின் பொதுவான ப்ளூடூத் பட்டியலில் தேடாமல், செயலிக்குள்ளேயே இணையுங்கள்.

இணைந்து, சில நிமிடங்களில் துண்டித்துக்கொண்டால் பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு செயலியை உறங்க வைக்கிறது என்று பொருள். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். நடக்கும்போது மட்டும் விட்டுவிட்டு வந்தால், கைபேசியை கருவி கட்டிய காலின் பக்கத்துக்கு மாற்றுங்கள். உடலில் உள்ள நீர் இந்த அலைகளை உறிஞ்சும். இடக் கணுக்காலிலிருந்து வலப்பக்க இடுப்பு மடிப்புக்குச் செல்லும் வழியில் உடலே குறுக்கே நிற்கிறது. இத்தனைக்குப் பிறகும் வேறு இரண்டு கைபேசிகளிலும் பெயர் வராவிட்டால், பழுது பலகையில் இருக்கிறது. தயாரிப்பாளரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

## நடக்கும்போது ஒலியோ அதிர்வோ வரவில்லை

மிகக் கூடுதலாக வரும் புகார் இது. காரணம் மிகக் கூடுதலாக மறைந்திருப்பதும் இதில்தான்.

இன்சோல் நகர்ந்திருக்கலாம். இந்த இன்சோல்களை வடிவமைத்தவர்கள், நாள் முழுவதும் காலணியோடு வீட்டுக்குள் நடக்கும் மனிதர்களை நினைத்து வடிவமைத்தார்கள். நம் வீடுகளில் செருப்பு வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது. ஒரு பெரியம்மா இரண்டு மாதமாகப் பயிற்சி செய்வதாகச் சொன்னார். செயலியிலோ ஒரு நாளைக்கு முப்பது அடிகூடப் பதிவாகவில்லை. விசாரித்தபோது, "கூடத்துக்குள்ள எப்படித் தம்பி செருப்பு போடறது, சாமி படம் இருக்கே" என்றார். அவருக்கு வீட்டுக்குள் மட்டும் அணிய, வெளியே மிதிக்காத புதுக் காலணி ஒரு சோடி வாங்கியதோடு கோளாறு தீர்ந்தது. காலணி எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஹவாய் செருப்பில் இன்சோலைப் பசை நாடாவால் ஒட்டிக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். பத்தே அடியில் அது ஒரு விரற்கடை முன்னே நகர்ந்து, குதிகாலுக்கு அடியில் இருக்க வேண்டிய உணரி பாதக்குழிவின் அடியில் போய் நிற்கும். அங்கே எடை விழாது. பின்பட்டையும் மேல்பட்டையும் உள்ள காலணியே வேண்டும். பொருத்தியபின் காலை வெளியே எடுத்து, உணரியின் நடுவும் குதிகால் பதிந்த இடமும் ஒன்றாக உள்ளனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அடிப்பகுதி மிக மென்மையாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் அணியும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு பாதத்துக்கு நல்லது. அழுத்த உணரிக்கு அல்ல. மென்மையான ரப்பரில் உணரி புதைந்து வளைந்துவிடுவதால் அழுத்தம் ஒழுங்காகப் பதிவாகாது. உணரிக்கு அடியில், உணரியின் அளவுக்கே வெட்டிய மெல்லிய கெட்டியான பிளாஸ்டிக் வட்டை வைத்தால் போதும். ஆனால் பாத உணர்வு குறைந்தவருக்கு அந்த வட்டின் விளிம்பு புண்ணை உண்டாக்கக்கூடும் என்பதால், அவர்களுக்கு இதை நீங்களாகச் செய்யாமல் காலணி வடிவமைக்கும் நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

அவருடைய குதிகால் தரையையே தொடாமல் இருக்கலாம். பக்கவாதத்தில் முன்பாதம் தொங்கிப்போனவருக்கு நுனிப்பாதமே முதலில் இறங்கும். சிலருக்குக் குதிகால் ஒருபோதும் முழுதாக ஊன்றாது. குதிகால் உணரி ஒலிக்கவில்லை என்றால் அது உண்மையைத்தான் சொல்கிறது. அவருடைய பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள்: பாதிப்புள்ள பக்கத்தின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்து, குதிகால் புதிதாக இருந்தால் ஐயத்துக்கு இடமில்லை. உறுதி செய்ய, கைபேசியைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் வைத்து மெதுவோட்டக் காணொளி எடுங்கள். இதற்கு கருவியைத் திருத்தாதீர்கள். ஒலி வர வேண்டும் என்பதற்காக வரம்பைக் குறைத்துக்கொண்டே போனால், காற்றில் தொங்கும் பாதத்துக்கும் பாராட்டொலி கிடைக்கும் நிலை வந்துவிடும். கணுக்காலைத் தாங்கும் ஸ்பிளின்ட் வேண்டுமா, குறிக்கோளை நுனிப்பாதத்துக்கு மாற்றலாமா என்பதை இயன்முறை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கம்பியோ உணரியோ அறுந்திருக்கலாம். இன்சோலின் ஓரத்திலிருந்து கம்பி கணுக்காலை நோக்கி மேலே வளையும் இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை மடங்குகிறது. முதலில் அறுவது அங்கேதான். மேலுறை முழுதாக இருக்க, உள்ளிருக்கும் செம்பு மட்டும் அறுந்திருக்கும். உணரியிலிருந்து வரும் கம்பியின் மறுமுனையில் உள்ள இரு இணைப்புகளிலும் மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து, கையை எடுத்தால் மெகா ஓம் கணக்கிலும், கட்டைவிரலால் அழுத்தினால் சில கிலோ ஓம் கணக்கிலும் காட்டுகிறதா என்று பாருங்கள். அழுத்தியும் எண் இறங்காவிட்டால், விரலை எடுக்காமலே கம்பியை அந்த வளைவில் மெல்ல அசையுங்கள். எண் துள்ளினால் கம்பி. அசையாமல் நின்றால் உணரி. கம்பியை மாற்றலாம். ஆனால் உணரியின் வால்பகுதியில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள்: அது பிளாஸ்டிக் படலம், சூட்டில் உருகி நிரந்தரமாகக் கெட்டுவிடும். அழுத்திப் பொருத்தும் இணைப்பியைப் பயன்படுத்துங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இணைப்பியும் உணரியும் கிடைக்கும்.

அதிர்வு மோட்டார் நின்றிருக்கலாம். நாணய வடிவ மோட்டாரின் இரு கம்பிகளையும் இரண்டு பென்சில் பேட்டரிகளின் 3 வோல்ட்டில் தொட்டுப் பாருங்கள். சுழன்றால் மோட்டார் நலம், அதை இயக்கும் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது. சுழலாவிட்டால் மோட்டாரை மாற்றுங்கள். செலவு மிகக் குறைவு. மாணவர் செய்த பலகையில் டிரான்சிஸ்டரே இல்லாமல் மோட்டாரை நுண்கட்டுப்பாட்டுச் சில்லின் மின்முனையிலேயே இணைத்திருந்தால், அந்த முனை எரிந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்போது பலகையையே மாற்ற வேண்டும்.

உணரிகளை இன்சோலுக்குள் வார்த்து மூடியிருக்கும் கருவிகளை வீட்டில் கீறித் திறக்க வேண்டாம். உள்ளே ஈரம் புகுந்தால் நல்ல உணரிகளும் கெடும்.

## நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது

காலணியைக் கழற்றியதும் ஒலி நின்றுவிட்டால், காலுறையின் மடிப்போ இறுகக் கட்டிய பட்டையோ உணரியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. மாலையில் மட்டும் இந்தத் தொல்லை வந்தால் பாத வீக்கத்தை நினையுங்கள். காலையில் அளவாக இருந்த பட்டை மாலையில் இறுக்கமாகும். காலணியைப் போட்டு, உட்கார்ந்து, பாதத்தைத் தரையிலிருந்து தூக்கிய நிலையில் சுழி அளவை (எடையே விழாதபோது காட்டும் அளவு) மீண்டும் பதிவு செய்யுங்கள். நீண்ட நேரம் நின்றால் இவ்வகை உணரிகளின் அளவு, எடை மாறாதபோதும் மெல்ல நகரும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுழியைப் புதுப்பிப்பது வழக்கமாக இருக்கட்டும்.

காலணியைக் கழற்றியும் ஒலி நிற்கவில்லை என்றால் வியர்வையே முதல் சந்தேகம். இன்சோலைத் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு உலர விடுங்கள். வெயிலிலோ தலை உலர்த்தும் கருவியின் சூட்டிலோ வைத்தால் அடுக்குகள் பிரிந்துவிடும். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் தவிடுதான் உள்ளே போகும். உலர்ந்த பிறகும் அப்படியே இருந்தால் உணரியின் இரு படலங்களும் ஒட்டிக்கொண்டுவிட்டன, மாற்ற வேண்டும்.

பார்க்கின்சன் நோயாளிக்கு நடக்கும்போது திடீரெனக் கால் நகராமல் உறைந்துபோவதைக் கண்டறியும் கருவி, அவர் உட்கார்ந்திருக்கும்போது ஒலிக்கிறது. இதில் பழுது எதுவும் இல்லை. நடையின் அசைவு நொடிக்கு 3 முறைக்குள் இருக்கும், உறையும்போது கால் நொடிக்கு 3 முதல் 8 முறை நடுங்கும் என்ற வேறுபாட்டை வைத்தே இத்தகைய கருவிகள் பல இயங்குகின்றன. இந்நோயில் ஓய்வில் வரும் நடுக்கமும் நொடிக்கு 4 முதல் 6 முறை. கருவியால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. உட்காரும்போது கண்டறிதலை நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லாவிட்டால் நடக்கும் நேரத்தில் மட்டும் கட்டுங்கள்.

வரம்பு தவறாக இருக்கலாம். இதைச் சரிசெய்ய ஒரே உயரமுள்ள இரண்டு எடை இயந்திரங்கள் போதும். இரண்டையும் அருகருகே வைத்து, கைப்பிடிக் கம்பியை மெல்லத் தொட்டபடி ஒவ்வொன்றிலும் ஒரு காலை ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் சமமாக நின்றால் ஒவ்வொன்றும் 30 காட்டும். பாதிப்புள்ள காலில் இயன்முறை மருத்துவர் சொன்ன அளவு எடை வந்ததும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த நொடியில் செயலியில் தெரியும் எண்ணை வரம்பாக வையுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, "20 கிலோவுக்கு மேல் ஊன்றக் கூடாது" என்று மருத்துவர் சொல்லியிருந்தால், விலை குறைந்த அழுத்த உணரியை நம்பி அந்த எல்லையைக் காக்காதீர்கள். ஒரே எடைக்கு இன்று ஓர் எண்ணும் நாளை வேறோர் எண்ணும் காட்டுவது அவற்றின் இயல்பு. இடவல ஒப்பீட்டுக்கு அவை போதும். உடைந்த எலும்பின் பாதுகாப்புக்குப் போதாது.

## ஓர் அடிக்கு இரண்டு ஒலி, அல்லது அடி எண்ணிக்கை தவறு

அவர் நடக்கும்போது பாதிப்புள்ள காலின் இருபது அடிகளை உரக்க எண்ணுங்கள். செயலியின் எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்று முறை செய்யுங்கள்.

எண் கூடினால் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; பட்டைக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழையலாம், மூன்று விரல் நுழைந்தால் கருவி தனியாக ஆடுகிறது. அதையும் சரிசெய்தபின் இரட்டை ஒலி வந்தால், குதிகால் தரையில் பட்டுத் துள்ளுவதை இரண்டு அடியாக எண்ணுகிறது. ஓர் ஒலிக்குப் பின் 300 மில்லி நொடி வரை அடுத்த ஒலியை ஏற்காதபடி அமைக்கலாம். நலமானவர் நிமிடத்துக்கு 120 அடி வேகமாக நடந்தாலும் ஒரே கால் மீண்டும் ஊன்ற ஒரு முழு நொடி ஆகும் என்பதால் எந்த அடியும் தவறாது.

எண் குறைந்தால், மிக மெதுவாக நடப்பவரின் அசைவு கருவியின் கீழ்வரம்பைத் தொடவில்லை. செயலியில் உணர்திறனைக் கூட்டுங்கள். மணிக்கட்டுக் கடிகாரத்தில் அடி எண்ணுபவர் வாக்கரைப் பிடித்து நடந்தால் கை வீசாது, கடிகாரம் எண்ணாது, கணுக்காலுக்கு மாற்றுங்கள். நீங்களே நிரலை மாற்றக்கூடிய எம்.பி.யு. 6050 அசைவு உணரிப் பலகை என்றால் அளவெல்லைகளைப் பாருங்கள். சுழற்சி வேகத்துக்கு இயல்பாக அமைந்துள்ள நொடிக்கு 250 பாகை என்ற எல்லையைக் கெண்டைக்காலின் வீச்சு சாதாரண நடையிலேயே தாண்டிவிடும். அதை 500 அல்லது 1000க்கும், முடுக்கத்தை புவியீர்ப்பின் 2 மடங்கிலிருந்து 8 மடங்குக்கும் உயர்த்தினால் உச்சிகள் வெட்டுப்படுவது நிற்கும்.

## ஒலி வருகிறது, ஆனால் அடி போன பிறகு வருகிறது

தாமதமான ஒலி, ஒலியே இல்லாததைவிடத் தீங்கானது; முந்தைய அடிக்கு உரியதை அடுத்த அடிக்கு உரியதாக மூளை எடுத்துக்கொள்கிறது. காரணம் பெரும்பாலும் கம்பியில்லாக் காதுக்கருவி. கைபேசியிலிருந்து காதுக்குப் போக அது கால் நொடிவரை எடுத்துக்கொள்ளும். கம்பியுள்ள காதுக்கருவிக்கு மாறுங்கள், அல்லது கருவியிலேயே உள்ள ஒலிப்பானைப் பயன்படுத்துங்கள். அதற்கும் பலன் இல்லாவிட்டால் நிரலில் சராசரி எடுக்கும் அளவைப் பாருங்கள்: நொடிக்கு 100 அளவீடு எடுக்கும் கருவியில் 20 அளவீடுகளுக்குச் சராசரி போட்டால் ஏறத்தாழ 100 மில்லி நொடி அதிலேயே போய்விடும். ஐந்தாகக் குறைத்துப் பாருங்கள்.

## கோணம் தாறுமாறாகக் காட்டுகிறது

கருவிமேல் உள்ள அம்புக்குறி மேல்நோக்கி இருக்கிறதா, இடக்காலுக்கு உரியது இடக்காலில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, கருவியை இயக்கும் நேரத்தில் அது அசையாமல் இருந்ததா? முதல் சில நொடிகளில் அது தன் சுழியைக் கணிக்கிறது. நடுக்கம் உள்ளவரின் காலில் கட்டியபின் இயக்கினால் நடுக்கத்தையே சுழி என்று எடுத்துக்கொள்ளும். மேசைமேல் வைத்து இயக்கி, பத்து நொடி விட்டு, பிறகு கட்டுங்கள். திசைகாட்டி உணரியும் உள்ள கருவி என்றால், பயிற்சிக் கூடத்தின் இரும்பு இணைகம்பிகளுக்கு நடுவே திசை பிறழ்வது இயல்பு. கம்பிகளைவிட்டு விலகிய இடத்தில் சரியாக இருந்தால் கருவியில் குறை இல்லை. மேசைமேல் அசையாமல் கிடக்கும்போதே கோணம் ஓடிக்கொண்டிருந்தால் உணரியை மாற்ற வேண்டும்.

## கருவி ஒலிக்கிறது, அவருக்குத் தெரியவில்லை

நீரிழிவால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டவருக்கு உள்ளங்காலில் வரும் அதிர்வு போய்ச் சேராது. மருத்துவமனையில் 10 கிராம் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்வைச் சோதிப்பார்கள். அது தெரியாதவருக்கு மோட்டாரை இடுப்புக்கோ மேற்கைக்கோ மாற்றுங்கள். முதியவருக்கு ஒலி கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன் சுருதியைக் குறையுங்கள். மலிவான ஒலிப்பான்கள் எழுப்பும் கீச்சொலிதான் வயதில் முதலில் கேட்காமல் போவது. வலப்பக்க மூளை பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. அவர்களுக்கு இடக்காலின் தவறையும் வலப்பக்கத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த நிலையில் தனியே பயிற்சி செய்யவிடாமல் இயன்முறை மருத்துவரின் கண்பார்வையில் நடக்கச் செய்யுங்கள்.

## கருவி சரியாக இருக்கிறது, நடை மோசமாகிறது

ஒரே நேரத்தில் எத்தனை குறிக்கோள்கள் இயங்குகின்றன என்று பாருங்கள். குதிகால், எடை, முழங்கால் கோணம் மூன்றுக்கும் தனித்தனி ஒலி வைத்திருந்தால் ஒன்றைத் தவிர மற்றவற்றை அணையுங்கள். அவர் திரையையோ தன் பாதத்தையோ குனிந்து பார்த்து நடந்தால் திரையை மூடிவைத்து ஒலியை மட்டும் விடுங்கள்.

கருவியோடு நன்றாக நடக்கிறார், கழற்றினால் பழையபடி நடக்கிறார். தரையில் சுண்ணக்கட்டியால் 10 மீட்டர் அளந்து, முன்னும் பின்னும் 2 மீட்டர் விட்டு, வாரம் ஒருமுறை கருவி இல்லாமல் நடக்கவிட்டு நேரத்தைக் குறியுங்கள். கருவியோடு எடுக்கும் நேரம் குறைந்து, கருவியில்லாத நேரம் அப்படியே நின்றால் அவர் ஒலிக்குத்தான் நடக்கிறார். எல்லா அடிக்கும் ஒலித்ததை ஒன்றுவிட்டு ஒன்றாக்குங்கள். பிறகு பெருந்தவறுக்கு மட்டும். பிறகு பயிற்சியின் பாதி நேரம் மௌனம். ஒலி வருமுன் "இந்த அடி எப்படி இருந்தது?" என்று அவரிடமே கேளுங்கள். மூன்று வாரத்திலும் மாற்றம் தெரியாவிட்டால் பயிற்சித் திட்டத்தையே மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும்.

## தோல் சிவக்கிறது, சுடுகிறது, புண்ணாகிறது

கழற்றி அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மறையாவிட்டால், அந்தக் கருவியை அதே இடத்தில் மறுபடி கட்டாதீர்கள். கொப்புளமோ ஈரமோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பாத உணர்வு இல்லாதவர் வலிக்கவில்லை என்று சொல்வதை ஏற்றுக்கொண்டு தொடரக் கூடாது.

## நேற்றுவரை சரியாக இருந்த எண் இன்று திடீரென மாறிவிட்டது

முதல் பிரிவில் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். பிறர் காலில் கருவி சரியாக இருந்தால், மாறியது அந்த மனிதர். ஒரு கால் திடீரென வலுவிழந்து, கூடவே முகம் கோணுதல், பேச்சுக் குளறல், கை தொய்தல் எது இருந்தாலும் கருவியை அங்கேயே விட்டுவிட்டு 108ஐ அழையுங்கள். அப்படி எதுவும் இல்லாமல் எடை மட்டும் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறியிருந்தால் வலி, வீக்கம், புதுக் காலணி ஆகியவற்றைத் தேடுங்கள். செயற்கைக் கால் அணிபவர் என்றால், வெட்டியபின் மீந்த காலின் பருமன் மாறி, அது பொருந்தும் செயற்கைக் காலின் குழி தளர்ந்திருக்கலாம். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் உள்ள செயற்கை உறுப்பு நிபுணர்தான் அதைப் பார்க்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒருவர் தன் தந்தையின் இன்சோலைக் கொண்டுவந்து, வலக்கால் முன்பாதத்தின் எண் நான்கு நாளாகப் பாதியாகக் காட்டுவதாகவும் உணரியை மாற்றித் தர வேண்டும் என்றும் கேட்டார். மல்டிமீட்டரில் உணரி நலமாக இருந்தது. என் காலிலும் சரியாகக் காட்டியது. "அப்பாவின் உள்ளங்காலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தார்: பெருவிரலின் அடியில் எட்டணா அளவுக்குப் புண், தந்தைக்கு வலியே இல்லை. நீரிழிவு முற்றிய பாதம் அந்தப் புண்ணை அவருக்குச் சொல்லாமல், எடையை மட்டும் அங்கிருந்து விலக்கிக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு எங்கள் கூடத்தில், எந்த இன்சோலையும் பழுதுபார்க்க வாங்கும் முன் அணிந்தவரின் உள்ளங்காலைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பார்த்த நாளை ஏட்டில் எழுதிக்கொள்கிறோம்.